தஞ்சாவூர்க் கல்லும் பெயர் இல்லாத போட்டோவும்

(சுற்றுலாக் கட்டுரை – ஒன்பதாம் வகுப்பு மாணவி)



முன்னுரை

உங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஏதாவது மாட்டியிருக்கிறதா? அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அத்தனை பேர் பெயரும் உங்களுக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் வகுப்பில் தஞ்சாவூருக்குச் சுற்றுலா போய் வந்தோம். பெரிய கோயிலையும் அரண்மனையையும் பார்த்தோம். சுற்றுலா என்றால் எந்தப் பஸ், என்ன சாப்பாடு, யார் வாந்தி எடுத்தார்கள் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் அதை எழுதப் போவதில்லை. போட்டோ என்பது எங்கே பிறந்தது, அது எப்படி நம்ம ஊர்ப் பக்கம் வந்தது, அதற்கும் தஞ்சாவூர்க் கல்லுக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் எழுதுகிறேன். சமூக அறிவியல் சாரும் அறிவியல் டீச்சரும் சொன்னதையும், நூலகத்தில் படித்ததையும் சேர்த்திருக்கிறேன்.

அரண்மனையில் கண் படங்கள்

தஞ்சாவூர் அரண்மனை ஒரு காலத்தில் ராஜா குடும்பம் வாழ்ந்த வீடு. நாயக்கர்கள் இருந்தார்கள், பிறகு மராட்டியர்கள் இருந்தார்கள். இப்போது அதற்குள் கலைக்கூடமும் சரஸ்வதி மகால் நூலகமும் இருக்கின்றன. நூலகத்தை ஒட்டி ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு.

1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னருக்குப் படிப்பின் மேல் ரொம்ப ஆசை. மருத்துவத்திலும் ஈடுபாடு கொண்டவர். கண் நோய்க்குச் சிகிச்சை நடந்தபோது, நோயாளியின் கண் எப்படி இருந்தது என்று ஓவியரை வைத்து வண்ணத்தில் வரையச் செய்து, நோயைப் பற்றிய விவரத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகாலில் பாதுகாக்கப்படுகின்றன.

ஏன் வரைந்தார்கள்? ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே என்று என் தோழி கேட்டாள். சார் சிரித்துவிட்டு, "சரபோஜி 1832-ல் இறந்துட்டார். போட்டோ எடுக்கலாம்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே 1839-லதான்" என்றார். அதாவது ஒரு முகத்தையோ கண்ணையோ காப்பாற்றி வைக்க வேண்டும் என்றால், ராஜாவாக இருந்தாலும் அப்போது ஓவியர்தான் கதி. அந்த வசதி ஏழைகளுக்கு ஏது? அவர்கள் முகம் அவர்களோடு போய்விட்டது.

ஓட்டைக்குள் ஒரு உலகம்

போட்டோவுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, படத்தை விழவைப்பது. இரண்டாவது, விழுந்த படத்தை ஓடாமல் பிடித்து வைப்பது.

முதல் வேலை நமக்குத் தெரிந்ததுதான். ஓட்டு வீட்டில் ஓடு விலகிய சந்து வழியாக வெயில் தரையில் காசு காசாக விழும். சந்து சதுரமாக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான். ஏன் தெரியுமா? அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம்! சூரிய கிரகணத்தன்று பார்த்தால் அந்த வட்டம் ஒவ்வொன்றும் பிறையாக மாறியிருக்கும்.

ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று படித்திருக்கிறோம். மரத்தின் உச்சியில் இருந்து வரும் ஒளி, சிறு ஓட்டை வழியே நேராகப் போய் எதிர்ச் சுவரின் கீழே விழும். மரத்தின் அடியில் இருந்து வருவது மேலே விழும். அதனால் இருட்டு அறைக்குள் மரம் தலைகீழாகத் தெரியும். இப்னு அல் ஹைதம் என்ற அறிஞர் கெய்ரோ நகரில் இருந்து ஒளியைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவர் காலமும் ராஜராஜ சோழன் தஞ்சைக் கோயிலைக் கட்டிய காலமும் ஒன்றுதான், ஏறத்தாழ கி.பி. 1010-ஐ ஒட்டி. ஆகவே படத்தை விழவைப்பது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரியும். பிடித்து வைக்கத்தான் தெரியவில்லை. ஓட்டையை மூடினால் படம் போய்விடும்.

குயவர் மகன் தோற்ற கதை

நாம் விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகள். பீங்கான் பொம்மையும் சூளையும் நமக்குப் புதிது இல்லை. அதனால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்று ஒருவர் இருந்தார். பீங்கான் பாத்திரம் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர். அவர் மகன் தாமஸ் வெட்ஜ்வுட். சில்வர் நைட்ரேட் கரைசலைக் காகிதத்திலும் தோலிலும் தடவி வெயிலில் வைத்தால் கறுத்துப் போகும் என்று அவருக்குத் தெரியும். அதன் மேல் ஓர் இலையை வைத்தார். இலை மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வந்தது. படம் கிடைத்துவிட்டது! ஆனால் பார்க்க வெளிச்சத்தில் எடுத்தால் இலை இருந்த இடமும் கறுக்க ஆரம்பித்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் கொஞ்ச நேரம் பார்க்க முடிந்தது. இதை ஹம்ப்ரி டேவி என்ற வேதியியல் அறிஞர் 1802-ல் கட்டுரையாக வெளியிட்டார். தாமஸ் 1805-ல் இறந்துபோனார். படத்தை நிலைக்க வைக்கும் வழி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

சூளையில் வைக்காத பச்சை மண் பானையை நினைத்துப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும். தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். சுட்டால்தான் அது பாண்டம். தாமஸ் எடுத்த படங்கள் சுடாத பானைகள். பானை தண்ணீரில் கரையும், அந்தப் படங்கள் வெளிச்சத்தில் கரைந்தன. குயவர் மகனுக்குச் சூளை தெரியும், படத்துக்கான சூளைதான் தெரியவில்லை.

லேகாக் வீட்டு ஜன்னல்

அந்தச் சூளையைக் கண்டுபிடித்தவர்கள் சிலர். பிரான்சில் நீப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-ல் தன் வீட்டு ஜன்னலில் இருந்து தெரிந்த கூரைகளை ஓர் உலோகத் தகட்டில் பதித்தார். கேமராவில் எடுத்து இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் படங்களில் அதுதான் மிகப் பழையது. அவருடன் கூட்டுச் சேர்ந்த டாகுவேர் வெள்ளி பூசிய தகட்டில் தெளிவான படம் எடுத்தார். அந்த முறை 1839 ஆகஸ்ட் 19-ல் உலகுக்கு விளக்கப்பட்டது. அதனால்தான் ஆகஸ்ட் 19-ஐ உலகப் புகைப்பட தினம் என்கிறோம்.

ஆனால் நம் கதைக்கு முக்கியமானவர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். அவர் வீடு இங்கிலாந்தில் வில்ட்ஷயர் என்ற பகுதியில், லேகாக் என்ற கிராமத்தில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடமாகக் கட்டிய கட்டடம், பிற்பாடு வீடாக மாறியது. 1833-ல் இத்தாலிக்குப் போனபோது ஓர் ஏரியைப் படம் வரையப் பார்த்திருக்கிறார். அவருக்கு வரையவே வரவில்லை! அந்தக் காட்சி தானாகவே காகிதத்தில் பதிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். நமக்கும் ஓவியப் பாடத்தில் அப்படித்தானே தோன்றுகிறது? நாம் பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டைக் கொடுத்துவிடுவோம். அவர் ஆராய்ச்சியில் இறங்கினார்.

சின்னச் சின்ன மரப் பெட்டிகள் செய்து வீட்டைச் சுற்றி ஆங்காங்கே வைத்தார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றை எலிப்பொறி என்று கேலி செய்வாராம். 1835 ஆகஸ்டில் அப்படி ஒரு பெட்டி அவர் வீட்டு ஜன்னலைப் படம் பிடித்தது. அந்தப் படம் ஒரு தபால் தலை அளவுதான். ஜன்னலில் இருந்த சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் பூதக்கண்ணாடி வைத்து எண்ண முடிந்தது என்று டால்பட் தன் கையால் படத்தின் பக்கத்தில் எழுதி வைத்தார். இன்றைக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகடிவ் அது.

அந்த வீட்டை 1944-ல் டால்பட்டின் பேத்தி மெட்டில்டா நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்தார். 1975-ல் அங்கே டால்பட் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே போகிறவர்கள் அதே ஜன்னல் முன்னால் நிற்கலாம். அறிவியல் டீச்சர் அந்த ஜன்னலின் படத்தை எங்களுக்குச் செல்போனில் காட்டினார். பெரிய மாளிகையில் எத்தனையோ பொருள் இருக்கும், ஆனால் உலகம் முழுவதும் இருந்து ஜனங்கள் ஒரு ஜன்னலைப் பார்க்கத்தான் அங்கே வருகிறார்கள்.

மாசிக்காயும் உப்பும்

டால்பட் செய்தது என்ன? நம் பாடப் புத்தகத்து வேதியியல்தான்.

1. காகிதத்தைச் சமையல் உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்தார்.

2. அதன் மேல் சில்வர் நைட்ரேட் தடவினார். இரண்டும் சேர்ந்து சில்வர் குளோரைடு உண்டானது. (சோடியம் குளோரைடு + சில்வர் நைட்ரேட் → சில்வர் குளோரைடு + சோடியம் நைட்ரேட்)

3. வெளிச்சம் பட்ட இடத்தில் சில்வர் குளோரைடு சிதைந்து வெள்ளித் துகள் பிரிந்தது. அந்தத் துகள்தான் கறுப்பாகத் தெரிகிறது. இதை ஒளிச்சிதைவு என்பார்கள்.

4. மீதி இருப்பது மேலும் கறுக்காமல் இருக்க, முதலில் அடர்த்தியான உப்புக் கரைசலைப் பயன்படுத்தினார். பிறகு ஜான் ஹெர்ஷல் என்ற அறிஞர் 1839-ல் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டைச் சொன்னார். ஒளி படாத வெள்ளி உப்பை அது கரைத்து எடுத்துவிடும். இதுதான் படத்துக்கான சூளை!

இப்படி வரும் படத்தில் வெளிச்சமான இடம் கறுப்பாகவும், இருட்டான இடம் வெளுப்பாகவும் இருக்கும். அதுதான் நெகடிவ். அதை இன்னொரு உப்புக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப் படம் கிடைக்கும். ஒரு நெகடிவில் இருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். டாகுவேரின் தகட்டில் இது முடியாது, ஒன்று எடுத்தால் ஒன்றுதான்.

1840-ல் டால்பட் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். வெளிச்சத்தில் கொஞ்ச நேரமே வைத்த காகிதத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காலிக் அமிலம் தடவினால் மறைந்திருக்கும் படம் எழும்பி வரும். காலிக் அமிலம் எங்கோ இருக்கும் பொருள் என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கு உரை மருந்து உரசிக் கொடுக்கிறார்களே, அந்த மாசிக்காயில் இருப்பதுதான் அது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற காய்க்குள் போட்டோவின் ரகசியம் ஒளிந்திருந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

உங்களுக்குத் தெரியுமா?

அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843-ல் கடல் பாசிகளை நீலநிறக் காகிதத்தில் வெயிலால் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். போட்டோக்களோடு வந்த முதல் புத்தகம் அதுதான் என்பார்கள். ஒவ்வொரு பாசிப் படத்தின் கீழும் அதன் பெயரையும் பதித்தார். பெயர் இல்லாமல் போயிருந்தால் அது வெறும் நீலத்தில் வெள்ளைக் கோடு! இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

மாட்டு வண்டியில் வந்த கேமரா

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ல் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தப் பள்ளியில் மண்பாண்ட வேலையும் கற்றுக் கொடுத்தார்கள், சில ஆண்டுகளில் போட்டோ எடுக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். களிமண்ணும் கேமராவும் ஒரே பள்ளிக்கூடத்தில்! 1856-ல் சென்னையில் போட்டோ சங்கம் ஒன்றும் உண்டானது.

அதே 1856-ல் லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை அரசாங்கம் தன் போட்டோகிராபராக வைத்துக்கொண்டது. அவர் 1857 டிசம்பரில் புறப்பட்டு, 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சாவூர் ராஜா சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்து, ராஜ்ஜியத்தைக் கம்பெனியார் எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

இன்றைக்கு நாம் சட்டைப் பையில் கேமராவை வைத்துக்கொண்டு போகிறோம். ட்ரைப்பின் பெட்டிகளும் மருந்துப் புட்டிகளும் மாட்டு வண்டியில் வந்தன. படத்தின் அளவுக்கே நெகடிவ் வேண்டும் என்பதால் கேமராவும் பெரிசு. அவர் பயன்படுத்தியது டால்பட் வழியில் வந்த காகித நெகடிவ்தான். காகிதத்தில் மெழுகு ஏற்றி, மருந்து தடவி, முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்வார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நடந்து போகிறவர்கள் படத்தில் பதியாமல் போய்விடுவார்கள். அதனால் ட்ரைப்பின் படங்களில் கோயில் இருக்கும், மண்டபம் இருக்கும், தெரு இருக்கும், ஆட்கள் மட்டும் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஆட்கள் இல்லாமல் இல்லை. நின்றது பதிந்தது, நடந்தது பதியவில்லை.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் அவர் எடுத்தார். அப்போது அது இடிந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் காலத்தில்தான் அதைப் பழுது பார்த்தார்கள். பழுது பார்ப்பதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று இன்றைக்குத் தெரிந்துகொள்ள ட்ரைப்பின் படம் உதவுகிறது.

இவ்வளவு செய்தவரை 1860-ல் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அப்போதைய கவர்னர் டிரெவெல்யனுக்கு இது வீண் ஆடம்பரச் செலவாகத் தெரிந்தது. அவர் எடுத்த படங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. 2015-ல் அந்த அருங்காட்சியகத்தில் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது.

கல்லை எடுத்த படம்

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல்வெட்டு ஓடுகிறது. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடு தாங்காமல் ஓடி ஓடிப் போகிறோமே, அங்கேயே இடுப்பு உயரத்திலும் தலை உயரத்திலும் எழுத்து எழுத்தாக இருக்கிறது. ட்ரைப் அந்தக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி ஒரே நீளப் படமாக ஆக்கினார். அதன் நீளம் 19 அடிக்கு மேல்! நம் வகுப்பறைச் சுவரில் மாட்டினால் கரும்பலகையைத் தாண்டிப் போகும்.

அப்போது அந்தக் கல்வெட்டு முழுதாகப் படித்து வெளியிடப்படவில்லை. கோயிலைக் கட்டியவர் யார் என்பது பற்றியே கதை கதையாகச் சொல்லி வந்தார்கள். ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1886-க்குப் பிறகு அரசாங்கக் கல்வெட்டு அறிஞராக வந்து, வெங்கையா போன்ற நம்மவர்கள் துணையோடு இவற்றைப் படித்தார். 1890-களில் அவை அச்சில் வந்தன. ராஜராஜ சோழன்தான் கட்டினான் என்பது கல்லின் வாயாலேயே உறுதியானது.

கல்லில் என்ன இருக்கிறது என்று சார் விளக்கினார். தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான் ராஜராஜன். இன்னொரு கல்வெட்டில் கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த 400 பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொருவரும் எந்தக் கோயிலில் இருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்றுகூட எழுதியிருக்கிறார்களாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு 100 கலம் நெல்.

நான் கேட்டேன், "சார், அவங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. பேர் மட்டும்தான் இருக்கு."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு இந்தக் கட்டுரையின் தலைப்பு தோன்றியது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய 400 பெண்களுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. நம் வீட்டுச் சுவரில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய பெண்களுக்கு முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

ட்ரைப்பின் விஷயத்திலும் அப்படித்தான். சென்னைக் கலைப்பள்ளியில் போட்டோ வேலை பார்த்த ஐயாசாமி என்ற நம்மவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. ஆனால் மாட்டு வண்டி ஓட்டியவர், தண்ணீர் சுமந்து வந்தவர், பெட்டியைக் கோயில் வாசலில் இறக்கி வைத்தவர் பெயர்களை அந்தப் படங்களில் எங்கே தேடுவது?

எங்கள் வீட்டுப் படம்

சுற்றுலா முடிந்த வாரம் எங்கள் வீட்டுப் பழைய படத்தைக் கழற்றி ஆயா மடியில் வைத்தேன். விருத்தாசலத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் மாளிகையும் பூந்தொட்டியும் வரைந்த திரை. முன்னால் நான்கு பெண்கள். ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது.

"இது யாரு ஆயா?"

"நான்தான்டி. தெரியலையா?"

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. ஆயா ஒவ்வொருவராக விரல் வைத்துச் சொன்னது. ஒருவர் தாத்தாவின் அக்கா. ஒருவர் ஆயாவின் தங்கை, சின்ன வயதிலேயே இறந்துபோனவர். அப்பாவுக்கே அவரைப் பற்றித் தெரியாது. நான்காவது ஆளிடம் வந்ததும் ஆயா நிறுத்திவிட்டது.

"பூ வச்சிருக்கா பாரு, இவ என்கூட நாத்து நட வருவா. நல்லாப் பாடுவா. பேரு தொண்டையிலயே நிக்குது, வாய்க்கு வர மாட்டேங்குது."

இரண்டு நாள் கழித்தும் வரவில்லை. ஆயாவுக்கு வந்தால்தான் உண்டு. ஊரில் கேட்க வேறு யாரும் இல்லை. அதனால் பென்சிலால் பின்பக்கம் மூன்று பெயர்களை எழுதினேன். நான்காவது இடத்தில், "ஆயாவோடு நாற்று நட்டவர். நன்றாகப் பாடுவார்" என்று எழுதினேன். பெயர் இல்லாவிட்டாலும் அவர் இனி வெறும் முகம் இல்லை.

செய்து பாருங்கள்

துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்குப் போகாது, வெயிலில் உலர்த்தினால் போய்விடும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒளி மஞ்சளை வெளுக்கச் செய்கிறது. இதை வைத்தே படம் எடுக்கலாம்.

தேவையானவை: மஞ்சள் தூள் ஒரு ஸ்பூன், கொஞ்சம் ஸ்பிரிட், வெள்ளை வரைபடத் தாள், இலை, ஒரு கண்ணாடித் துண்டு. (ஸ்பிரிட் தீப்பிடிக்கும். ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யவும்.)

மஞ்சளை ஸ்பிரிட்டில் கலந்து, தெளிந்த மேல் நீரைத் தாளில் பூசி, நிழலில் உலர்த்தவும். இலையை வைத்து, மேலே கண்ணாடி வைத்து, உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விடவும். இலையை எடுத்தால் அது இருந்த இடம் அடர் மஞ்சளாகவும் மற்ற இடம் வெளுத்தும் இருக்கும். சுண்ணாம்புத் தெளிவு நீரைத் தொட்டுத் தடவினால் மஞ்சள் மிஞ்சிய இடம் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவக்கும்.

எங்கள் வகுப்பில் வேப்பங்கொத்து வைத்து எடுத்த படத்தை இந்தத் தாளின் கீழே ஒட்டி, கறுப்புத் துணியால் மூடியிருக்கிறேன். பார்த்துவிட்டுத் தயவுசெய்து மறுபடி மூடிவிடுங்கள். ஏனென்றால் இதுவும் சுடாத பானைதான். குயவர் மகன் பட்ட கஷ்டம் அப்போது புரியும்!

படத்தைக் காப்பது எப்படி?

* கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள். வெள்ளிக் கொலுசு கறுப்பது போல, ஈரத்திலும் அடுப்புப் புகையிலும் அது கெடும். சமையல் கட்டுப் பக்கம் மாட்டாதீர்கள்.

* கலர்ப் படத்தில் இருப்பது சாயம். வெயில் பட்டால் வெளுக்கும். வாசலுக்கு நேரே மாட்டாதீர்கள்.

* படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு வைத்தே செல்போனில் ஒரு நகல் எடுங்கள்.

* செலோ டேப், கோந்து போடாதீர்கள்.

* பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறும். பெயர், ஊர், உறவு, ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதினால் போதும்.

முடிவுரை

வெள்ளி உப்பை நிலைக்க வைக்க ஹைப்போ கண்டுபிடித்தார்கள். அது முகத்தைத்தான் காக்கும். அந்த முகம் யாருடையது என்பதைக் காக்க எந்த ரசாயனமும் கிடையாது, எழுத்து ஒன்றுதான் உண்டு. செல்போனில் நாம் எடுக்கும் ஆயிரக்கணக்கான படங்களும் பெயர் இல்லாவிட்டால் நீர்மேல் எழுத்துதான்.

எனவே தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பழைய படத்தை எடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் நினைவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். பெரிய கோயிலுக்கு உளி தேவைப்பட்டது, நமக்கு ஒரு பென்சில் போதும்.

பதில் சொல்லுங்கள் (விடைகள் கட்டுரைக்குள்ளேயே உள்ளன)

1. ஓட்டுச் சந்து வழியே விழும் வெயில் ஏன் வட்டமாக இருக்கிறது?

2. டால்பட் 1835-ல் படம் எடுத்த பொருள் எது?

3. காலிக் அமிலம் உள்ள நாட்டு மருந்துப் பொருள் எது?

4. தஞ்சைக் கல்வெட்டை ட்ரைப் எத்தனை படங்களாக எடுத்து ஒட்டினார்?

5. உங்கள் வீட்டுப் பழைய படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் என்ன? (இதற்கு மட்டும் விடை என்னிடம் இல்லை!)